ஐந்து கிலோ பித்தளை

புருஷன் இளைப்பதைப் பார்த்து ஒரு பெண்டாட்டிக்கு வயிறெரியுமா என்று யாராவது என்னைக் கேட்டால், எரியும் என்றுதான் சொல்வேன். பக்கத்துக் கடையில் நாலு மாதத்துக்கு மேல் எரிந்ததை நான் கண்ணால் பார்த்தவள். அதில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியதும் நான்தான்.

என்னுடையது தையல் கடை. பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மெஷின், ஒரு மேஜை, ஒரு பெரிய இஸ்திரிப் பெட்டி. புதுத் துணி தைப்பது குறைவு. பிடித்துத் தைப்பதும் பிரித்துத் தைப்பதும்தான் என் பிழைப்பு. பக்கத்தில் தராசு பழுது பார்க்கும் கடை. நடுவில் இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும், நான் தும்மினால் அங்கிருந்து அதட்டல் வரும். தராசுக்காரரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டது.

மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு, இரும்பு, சங்கிலி இதெல்லாம் அண்ணன் பாடு. எலக்ட்ரானிக் தராசு முழுக்க அண்ணி. முக்காலியில் உட்கார்ந்து, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, முடி அளவு ஒயரைப் பற்றவைப்பாள். கறிக்கடைத் தராசைத் திறந்தால் கொழுப்பு வழியும். மாவுக்கடைத் தராசுக்குள் எறும்பு குடியிருக்கும். ஒருமுறை ஒரு எலிக்குஞ்சுகூடக் கிடந்தது. அண்ணி முகம் சுளிக்காமல் பழைய பல்துலக்கியால் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

வேலை முடிந்ததும் தராசைச் சரிபார்க்க ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே பச்சை வெல்வெட் பள்ளங்களில் பித்தளை எடைக்கற்கள். ஐந்து கிலோவில் ஒன்று, இரண்டு கிலோவில் இரண்டு, ஒரு கிலோவில் ஒன்று, பிறகு சின்னச் சின்னதாக. அவற்றை வெறும் கையால் யாரும் தொடக் கூடாது. கை வேர்வை பட்டால் பித்தளை மங்கும், நாளாவட்டத்தில் எடையும் மாறும் என்பாள் அண்ணி. துணி உறை மாட்டித்தான் எடுப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பாள். பெற்ற மகளைக்கூட அவ்வளவு பத்திரமாகத் துடைத்திருக்க மாட்டாள். அந்த மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள்.

அண்ணிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. கடையிலிருந்து வீட்டுக்குள் போக இரண்டே படிதான். அந்த இரண்டு படியை ஏற அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக வைத்து, நடுவில் நின்று மூச்சு வாங்குவாள். டாக்டர் பார்த்துவிட்டு மூட்டு மாற்றவேண்டும் என்றார். ஆனால் தொண்ணூற்றாறு கிலோவில் கத்தி வைக்க மாட்டாராம். எண்பத்தைந்துக்குக் கீழே வா, நாலு மாதம் கழித்துத் தேதி தருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலேயே சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் ஒருத்தி கீட்டோ என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தாள். ரொட்டி கிடையாது, சர்க்கரை கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. முட்டை, கறி, மீன், வெண்ணெய், சீஸ், முட்டைக்கோஸ், கீரை.

அன்று சாயங்காலம் சுவருக்கு மேலே கேட்ட பேச்சு இது.

"நான் மட்டும் தனியா கிடந்து சாகணுமா?"

"இதுல சாக என்ன இருக்கு? வெண்ணெய் சாப்பிடச் சொல்லியிருக்காங்க. எங்கப்பா காலத்துல எனக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தா நான் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டேன்."

"உங்களுக்கு எல்லாம் கிண்டல். நீங்க எதிர்ல உட்கார்ந்து ரொட்டியைப் பிச்சுப் பிச்சுத் தின்பீங்க, நான் கோஸைக் கடிக்கணும்."

"சரி, நானும் திங்கல. போதுமா? நானும் எண்பத்தெட்டு இருக்கேன். நாலு கிலோ குறைஞ்சா நல்லதுதான்."

அந்த மனுஷன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எடை பார்ப்பது என்று ஏற்பாடு. மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில்தான். ஐம்பது கிராம்வரை சிவப்பு எண்ணில் காட்டும், அண்ணி தானே சரிசெய்து வைத்தது. கடைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் இரண்டு கட்டம் போட்டாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு.

முதல் வாரம் அண்ணன் மூன்றேகால் கிலோ குறைந்திருந்தார். அண்ணி தொள்ளாயிரம் கிராம்.

"முதல் வாரம் அப்படித்தான், தண்ணி இறங்கும்" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு மட்டும் இறங்குது, எனக்கு எங்க போச்சு தண்ணி?"

இரண்டாவது வாரம் அவர் இன்னும் ஒன்றரைக் கிலோ. அவள் நானூறு கிராம். அந்த மனுஷன் மறைவாக ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. அவள் ஒரு முட்டை தின்றால் அவர் மூன்று தின்பார். அவள் வெண்ணெயை நகத்தளவு எடுத்தால் அவர் கட்டியாக வாயில் போட்டுக்கொள்வார். தின்னத் தின்ன இளைத்தார். கறிக்கடைக்காரர் தராசு கொண்டுவந்தவர் சும்மா போகாமல், "என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டு வர்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளை அவர் கண்ணுக்கே தெரியவில்லை. அண்ணி கறிக்கடைத் தராசை அந்த வாரம் முழுக்கத் தொடவில்லை.

அவர் வந்துபோன மறுநாள் காலை, எதிரே இருக்கும் ரொட்டிக் கடை அடுப்பிலிருந்து முதல் ரொட்டி வெளியே வரும் நேரம் நான் கதவைத் திறந்தேன். தெரு முழுக்க அந்த வாசனை. அண்ணி ரொட்டிக் கடை வாசலில் நின்றுகொண்டு, ஒரு முழு ரொட்டியைக் கையில் வைத்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். ஆற விடாமல், அவசர அவசரமாக. என்னைப் பார்த்தாள்.

"அவர் குறையட்டும்மா. ஒரு வீட்ல ஒருத்தர் அழகா இருந்தா போதும்" என்றாள்.

அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாம் நாள் அண்ணன் என் கடைக்கு வந்தார். கையில் கால்சட்டை. இடுப்பைப் பிடித்துத் தைக்கத்தான் வந்திருக்கிறார் என்று டேப்பை எடுத்தேன்.

"இடுப்பு அப்படியே இருக்கட்டும் தங்கச்சி. தோள்வார் போட்டுக்கறேன். உள்பக்கம் ஒரு பை வேணும். நல்ல கெட்டியா."

"பர்ஸுக்கா?"

அவர் தெருவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எடைக்கல்லுக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காத. நான் குறையறதைப் பார்த்துத்தான் அவ விட்டுட்டா. நாளைக்கே நான் நிறுத்திடுவேன், ஆனா அப்போ அவளும் நிறுத்திடுவா. நான் நிறுத்தவும் கூடாது, குறையவும் கூடாது. வேற என்ன பண்ணச் சொல்ற?"

"டாக்டர்கிட்ட சொல்லி…"

"அவளால அந்த ரெண்டு படி ஏற முடியல. தினம் நான் பின்னாடி நின்னு பார்க்கறேன். கை குடுத்தா தட்டி விடறா. இந்த ஆபரேஷன் நடக்கலைன்னா இன்னும் ரெண்டு வருஷத்துல அவ அந்தப் படியே ஏறமாட்டா."

இரண்டு தொடைக்கும் பின்னிடுப்புக்கும் மூன்று பை தைத்தேன். கல் உரசிச் சத்தம் வரக் கூடாது என்று உள்ளே மெத்தென்ற துணி வைத்தேன். கையில் இருந்தது ஒரு குழந்தையின் இரவுச் சட்டையில் மிஞ்சிய ஆரஞ்சு நிற ஃப்ளானல்தான். யார் பார்க்கப் போகிறார்கள் என்று வைத்துத் தைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி கதவில் எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அண்ணன் ஒரு கிலோ கூடியிருந்தார்.

"பார்த்தியா? ஆரம்பத்துல சர்ருன்னு இறங்கி இப்போ ஏறுது. நான் நிதானமா இறங்கறேன். நிதானமா இறங்கினாத்தான் நிலைக்கும்." ஒரு வாரம் முன்னால் ரொட்டி தின்றவள் பேசுகிற பேச்சா இது! அவள் முகத்தில் வெளிச்சம். அன்று மதியம் கோஸை வெண்ணெயில் வதக்கி, எனக்கும் ஒரு தட்டு கொடுத்தனுப்பினாள். நன்றாகத்தான் இருந்தது.

வாரத்துக்கு அரைக் கிலோ, அறுநூறு கிராம் என்று அவள் இறங்கினாள். அவர் மேலே மேலே கல் சேர்த்துக்கொண்டே வந்தார். முதலில் ஒரு கிலோ. அப்புறம் இரண்டு. அப்புறம் மூன்று. எப்போதும் அவளைவிடக் கொஞ்சம் முன்னால் இருப்பது போலவே காட்டினார். ரொம்ப ஒட்டினால் சந்தேகம் வருமாம். நீளமான கடைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடந்து மேடையில் ஏறுவார். அண்ணி கேட்டால் மூலம் என்றார். எடை பார்த்ததும் நேரே பின்கட்டுக்குப் போய், கற்களை எடுத்து, அவள் அடுப்பைப் பார்க்கும் நேரத்தில் பெட்டியில் வைத்துவிடுவார். பெட்டி எப்போதும் நிறைந்தே இருந்தது.

பத்தாவது வாரத்துக்கு மேல் அண்ணியின் எடை நின்றுவிட்டது. எண்பத்தெட்டு இருநூறு. அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. மழைக்காலம் வேறு, முழங்கால் குடைந்தது. தராசு பொய் சொல்கிறதோ என்று மேடையைப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டி, மறுபடி ஏறினாள். எண்பத்தெட்டு இருநூறு. அண்ணனுக்கு அதற்குள் கல் ஐந்து கிலோ ஆகியிருந்தது. கதவில் எழுபத்தொன்பது.

"நீங்களும் நின்னுட்டீங்களா?" என்று அவள் கேட்பது எனக்குக் கேட்டது. அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

"ஆமாம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே முட்டுக்கட்டை" என்றார் அவர்.

பன்னிரண்டாவது வாரம், திங்கட்கிழமை காலை அவள் என் கடைக்கு வந்தாள். வாசல்படியில் பக்கவாட்டில் ஏறி, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று, வெள்ளைக் காகிதம் ஒன்றை மடிப்புப் பிரித்தாள். உள்ளே ஒரு சிட்டிகைப் பஞ்சு.

"ரெண்டு கிலோ கல்லோட கழுத்துல ஒட்டியிருந்துச்சு. கல்லு மேல விரல் ரேகை, வேர்வைப் பிசுபிசுப்பு. எவனோ கல்லை எடுத்துப் புழங்கறான். இது என்ன துணின்னு நீ சொல்லிடுவேல்ல?"

ஆரஞ்சு நிறம். பொய் சொல்ல எனக்கு வராது. வந்தாலும் அண்ணி முன்னால் வராது. என் கண் தானாகப் போய், அலமாரியில் மிச்சம் கிடந்த ஃப்ளானல் துண்டின் மேல் விழுந்தது. அவள் கண்ணும் பின்னாலேயே போனது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எத்தனை கிலோ?"

"இப்போ அஞ்சு அண்ணி."

உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டாள். எழுபத்தொன்பதில் ஐந்து போக எழுபத்து நாலு. அவர் தொடங்கிய எண்பத்தெட்டில் எழுபத்து நாலு போக.

"பதினாலு" என்றாள். பிறகு காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அண்ணன் ஓடிவந்தார். கால்சட்டைப் பைகள் தொளதொளவென்று தொங்கின.

"தங்கச்சி, பெட்டியைப் பூட்டி வச்சிருக்கா. சாவியைக் காணோம். உங்கிட்ட அஞ்சு கிலோவுக்கு ஏதாவது இருக்கா?" சுற்றுமுற்றும் பார்த்தவர் இஸ்திரிப் பெட்டியில் கை வைத்தார். "இது எத்தனை இருக்கும்?"

"அண்ணே, அண்ணிக்குத் தெரிஞ்சுபோச்சு."

இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்தபடியே அவர் என் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "மணி ஏழாச்சு. ரெண்டு பேரும் வாங்க."

மேடையில் ஏறினார். எழுபத்து மூன்று தொள்ளாயிரம். அண்ணி எழுத எடுத்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, கதவில் இருந்த அவர் கட்டம் முழுவதையும் உள்ளங்கையாலேயே அழித்தாள்.

"சொல்லுங்க. என்னைப் பார்த்தா பிச்சைக்காரி மாதிரி இருக்கா?"

"இல்லம்மா…"

"அஞ்சு கிலோ பிச்சை போட்டிருக்கீங்க. மூணு மாசமா நான் கோஸு தின்னு கோஸு தின்னு, கனவுல எல்லாம் ரொட்டி வந்து, ஏழு எண்ணூறு குறைஞ்சேன். நீங்க கட்டி கட்டியா வெண்ணெய் தின்னுட்டுப் பதினாலு. அதையும் ஒளிச்சு வச்சிருக்கீங்க. யாருக்கும் தெரியாம!"

"உனக்கு வருத்தமா இருக்கும்னுதான்."

"வருத்தம் இல்ல. பொறாமை. எனக்குப் பொறாமை. வாய்விட்டே சொல்றேன். நீங்க சட்டை போடும்போது தோள் எலும்பு தெரியுது, அதைப் பார்த்தா எனக்கு எரியுது. படி ரெண்டையும் ஒரே தாவுல தாண்டறீங்க, எரியுது. கறிக்கடைக்காரன் மாப்பிள்ளைன்னு சொன்னான், இன்னும் எரியுது. முட்டி போனது எனக்கு. குறைய வேண்டியது நான். எனக்குச் சேரவேண்டியது உங்களுக்கு ஏன் போகுது?"

"அது என் கையிலயா இருக்கு?"

"அது இல்ல. கல்லு உங்க கையில இருந்துச்சுல்ல? என் கல்லு. வெறும் கையால தொட்டிருக்கீங்க. வேர்வையோட."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "நீ ரொட்டிக் கடை வாசல்ல நின்னது எனக்குத் தெரியும். நீ விட்டுடுவியோன்னு பயந்துட்டேன்."

"விட்டுட்டுப் போறேன். என் முட்டி, என் இஷ்டம்."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "உன்னையும்தான் சொல்றேன். பை தைக்கிறாளாம் பை." எனக்கு அது வேண்டியதுதான்.

மறுநாள் அவள் வேலை மேஜையில் ஒரு முழு ரொட்டி உட்கார்ந்திருந்தது. பற்றவைக்கும் கம்பிக்குப் பக்கத்தில், காகிதம்கூடப் பிரிக்காமல். அதைப் பார்த்துக்கொண்டே ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. அளவு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணி, கொஞ்சம் எழுந்திருங்க." எழுந்தாள். டேப்பைச் சுற்றினேன். "நாலு மாசம் முன்னாடி உங்களுக்குக் கடைக் கோட்டு தைச்சப்போ இடுப்பு நாப்பத்தாறு. இப்போ நாப்பத்தொண்ணு. அஞ்சு இஞ்சு அண்ணி. கிலோ நின்னாலும் உடம்பு குறைஞ்சுக்கிட்டுதான் இருக்கு."

"டேப்பை வச்சு ஆபரேஷன் பண்ணுவாங்களா?"

நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

"நீ இங்க வா. எது குறைச்சல்னு நான் காட்டறேன்" என்று நகர்ந்தாள். மூலையில் கடைக்காரர்கள் விட்டுப்போன பழைய இரும்புக் கற்கள் கிடந்தன. இரண்டு துணிப்பையை எடுத்து, ஒன்றில் கற்களைப் போட்டு மேடையில் வைத்து, பதினாலு கிலோ ஆக்கினாள். இன்னொன்றில் ஏழு எண்ணூறு. ஐம்பது கிராம்கூடப் பிசகாமல்.

"இது அவர். இது நான். ரெண்டையும் தூக்கிப் பாரு. எது பெருசு?"

நான் கையை நீட்டவில்லை.

"பார்க்க மாட்டியா? நான் தூக்கறேன் பாரு. என்னோடதை ஒரு கையில கொண்டுபோய் வீட்டுக்குள்ள வச்சிட்டு வந்துடுவேன். அவ்வளவுதான் அது."

சின்னப் பையை வலது கையில் எடுத்தாள். படிப் பக்கம் போனாள். இடது கையால் சுவரைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை முதல் படியில் வைத்தாள். உடம்பை ஏற்றப் பார்த்தாள். ஏறவில்லை. மறுபடி பார்த்தாள். முழங்கால் நடுங்கியது. பையைக் கீழே வைத்துவிட்டு, அதே படியை வெறும் கையோடு ஏறினாள். அடுத்த படியையும் ஏறினாள். நடுவில் நிற்கவில்லை. மேலே நின்று, கீழே கிடந்த பையைப் பார்த்தாள்.

"இதையா நான் ஏத்தி இறக்கிக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டாள். என்னிடம் கேட்டது மாதிரி இல்லை.

அன்று அண்ணன் மேடைத் தராசு ஒன்றை இறக்கிவிட்டு வந்தபோது, பதினாலு கிலோ பையை அவர் கையில் கொடுத்தாள். "தூக்கிட்டு மேல போய்ட்டு வாங்க. பத்துத் தடவை."

"எதுக்கும்மா?"

"எனக்கு எரியுதுல்ல. அதுக்கு."

அவர் மறுபேச்சுப் பேசாமல் பத்துத் தடவை ஏறி இறங்கினார். அவள் முக்காலியில் உட்கார்ந்து எண்ணினாள். ஏழாவதில் அவருக்கு மூச்சு வாங்கியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ரொட்டியைக் கறிக்கடைக்காரர் வந்தபோது கொடுத்துவிட்டாள்.

நாலு மாதம் முடிந்து டாக்டரைப் பார்க்கும் தேதி வந்தது. அண்ணி என்னையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். அவளும் அவரும் இன்னும் முழுசாகப் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. அன்று காலை வீட்டுத் தராசில் எண்பத்தாறு அறுநூறு. ஒரு கிலோ அறுநூறு அதிகம். போவதற்கே மனசில்லாமல்தான் கிளம்பினாள்.

நர்ஸ் எடை மேடையில் ஏறச் சொன்னாள். ஏறினாள். எண்பத்து நாலு நானூறு.

"சரியா வந்துட்டீங்களே" என்று நர்ஸ் சீட்டில் எழுதப் போனாள். அண்ணன் என் கையை இறுகப் பிடித்தார். அண்ணி இறங்கவில்லை. கீழே மேடையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்கம்மா, எழுதாதீங்க. இது சுவத்துல சாய்ஞ்சு நிக்குது. பாரம் கொஞ்சம் சுவத்துக்குப் போகுது."

அண்ணன் அவள் காதருகில் போனார். "ஏம்மா, கிடைச்சதை வாங்கிட்டுப் போயிடலாம்ல?"

"உங்ககிட்ட வாங்கின அஞ்சு கிலோவே எனக்கு இன்னும் செரிக்கல."

சொல்லிவிட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். அந்த முழங்காலை மடக்கி அவள் தரைக்குப் பக்கத்தில் போய் எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! மேடையை ஒரு விரற்கடை முன்னால் இழுத்தாள். நாலு காலும் தரையில் படிகிறதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். எழுந்து ஏறினாள். எண்பத்தாறு அறுநூறு. நர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடித்துத் திருத்தி எழுதினாள்.

டாக்டர் நாலு வாரம் தள்ளித் தேதி கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவள்தான் அவரைத் தட்டினாள். "அழாதீங்க. அழுதாலும் எடை குறையும். அது வேற உங்களுக்குத்தான் குறையும்."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சடங்கு. மேடையில் ஏறும் முன் அண்ணன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அண்ணி அவர் இடுப்பு, தொடை, முதுகு எல்லாம் தட்டிப் பார்ப்பாள். ஆரஞ்சுத் துணி வைத்த பைகளை நான் எப்போதோ பிரித்துப் போட்டாகிவிட்டது. பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எடையைத்தான் முதலில் எழுதுவாள். எழுபத்து மூன்று அறுநூறு, எழுபத்து மூன்று நானூறு, எழுபத்து மூன்று இருநூறு என்று எழுதும்போதெல்லாம் சாக்பீஸ் கிறீச்சிடும். அப்புறம் அந்தக் கோபத்தோடு போய் அவர் பையையும் தன் பையையும் பார்ப்பாள். தன் பையில் அந்த வாரம் குறைந்ததுக்கு ஒரு சின்ன இரும்புக் கல்லைச் சேர்ப்பாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஆஸ்பத்திரி. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆறரை மணிக்கு நான் கொல்லைக் கதவைத் திறந்தபோது, குழாயடியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கையில் பெரிய ஜாடி. அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தார். மறுபடி பிடித்தார், மறுபடி குடித்தார். என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஏழு மணி. அண்ணி அவரைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஏறினார். எழுபத்து நாலு எழுநூறு.

"ஒன்றரைக் கிலோ கூடியிருக்கீங்க!" என்று அவள் கத்தியது எதிர் ரொட்டிக் கடைக்குக் கேட்டிருக்கும். கதவில் அந்த எண்ணைத்தான் பெரிதாக எழுதினாள். பிறகு தான் ஏறினாள். எண்பத்து நாலு எண்ணூற்றைம்பது. மூன்று பேரும் அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் இறங்கிப் போய் மேடை எதிலாவது சாய்ந்திருக்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்தாள். சாயவில்லை. மரப்பெட்டியின் பூட்டைத் திறந்து, துணி உறை மாட்டி, பித்தளைக் கல்லை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

அண்ணன் அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் அவசரமாகப் பின்கட்டுக்குப் போனார். வந்தார். நின்றார். மறுபடி போனார். மூன்றாவது முறை போனபோது அண்ணி கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. முப்பது வருஷமா தராசோட குடித்தனம் பண்றேன், எனக்குத் தெரியாதா?"

நான் திருதிருவென்று விழித்தேன்.

"நீ ஒண்ணும் சொல்லிக்காத" என்றாள். கல்லை வெல்வெட் பள்ளத்தில் வைத்தாள். கதவில் எழுதியிருந்த எழுபத்து நாலு எழுநூறை ஒருமுறை பார்த்தாள். "இருந்துட்டுப் போகட்டும். பார்க்க நல்லாத்தான் இருக்கு."